அசல் பாகத்தை அடையாளம் காண்பது எப்படி? பழைய கார் கேள்வி–பதில்

பழைய கார்களைப் பழையபடியே கட்டி எழுப்புகிறவர்களுக்கான இந்தப் பகுதியில், இந்த மாதம் வடசென்னை வாசகர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கான்டெசாவிலிருந்து அமெரிக்க மசில் கார் வரை வண்டிகள் வேறு வேறு. ஆனால் கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே கவலைதான்: ‘ஒரிஜினல்’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், அதை எப்படி நம்புவது?

கேள்வி: 1994 மாடல் கான்டெசா கிளாசிக் 1.8 வாங்கியிருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வருகிறது. ‘இதுக்கு ஸ்பேர் எங்கயும் கிடையாது, வேற எஞ்சின் போட்டுடலாம்’ என்கிறார் மெக்கானிக் அண்ணன். 2002-ல் உற்பத்தி நின்ற வண்டிக்கு ஒரிஜினல் பாகங்களை எங்கே, எந்த வரிசையில் தேடுவது?
– ராயபுரம் வாசகர்

பதில்: எஞ்சினை மாற்றாதீர்கள். இந்தக் காரில் கிடைக்காமல் போகும் பொருள் எஞ்சின் பாகம் அல்ல.

உங்கள் வண்டியின் உடல் பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் எஃப்.இ. வடிவமைப்பிலிருந்து வந்தது. எஞ்சின் ஜப்பானின் இசுசு, 1817 சி.சி., போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 84 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 82 மி.மீ. இதே எஞ்சினைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பெட்ரோல் அம்பாசடர் 1800-லும் பொருத்தியது. அதனால் பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, கேஸ்கட் எல்லாவற்றுக்கும் கடையில் ‘கான்டெசா’ என்று மட்டும் கேட்காமல் ‘அம்பாசடர் 1800 இசுசு பெட்ரோல்’ என்றும் கேளுங்கள். ‘பெட்ரோல்’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. வெறுமனே ‘அம்பாசடர் இசுசு’ என்றால் 1995 சி.சி. டீசல் எஞ்சினுடைய பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். அதில் ஒன்றுமே உங்களுக்குப் பொருந்தாது. ஆயில் சம்ப், எஞ்சின் மவுண்ட், சைலன்சர் பைப் போன்ற வெளிப்பாகங்களைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள்.

அதற்கு முன், பாகம் தேவையா என்று பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு வாய் புகை விட்டு அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல் இறுகிப்போயிருக்கும். வண்டி ஏறும்போதும் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதும் தொடர்ந்து புகை வந்தால் ரிங்கைச் சந்தேகப்படலாம். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து வைத்துக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், பிளக் ஓட்டை வழியாக அதில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாமல் எஞ்சினை இறக்கினால், சில நூறு ரூபாய் சீல் வேலை முழு ஓவர்ஹாலாக மாறிவிடும்.

போர் தேய்ந்திருந்தால் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 0.15 மி.மீ.-ஐத் தாண்டினால் ரீபோர் (சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது) தவிர்க்க முடியாது. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. கூடுதல் என்று போகும். முதலில் பிஸ்டன் செட்டைக் கையில் வாங்குங்கள், பிறகு போரிங் பட்டறைக்குப் போங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, 0.50-க்குக் கடைந்த பிளாக்கை வைத்துக்கொண்டு அந்த அளவில் பிஸ்டன் கிடைக்காமல் நிற்கிறார்கள். பிஸ்டன் தலையில் அளவு குத்தியிருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு நான்கு பிஸ்டனிலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ரிங்கைப் போரில் தனியாக இறக்கி, பிஸ்டனால் சமமாகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்தால் 84 மி.மீ. போருக்கு 0.25 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால் சூட்டில் ரிங் முனைகள் முட்டிக்கொண்டு சிலிண்டரைக் கீறிவிடும். இந்தத் தொழிலுக்கு நம் பகுதியே தாய்வீடு. பெரம்பூர் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது 1949-ல். பிஸ்டனையும் லைனரையும் அளந்து பேசத் தெரிந்த கைகளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை.

இனி தேடும் வரிசை. பட்டறையில் செய்ய முடியாததை முதலில் வாங்குங்கள். பின்பக்க விளக்குக் கண்ணாடி, கிரில், டேஷ்போர்டு, கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஓர மோல்டிங், மீட்டர் கன்சோல். இவை கான்டெசாவுக்கு மட்டுமே உரியவை. உடைந்தால் எந்த லேத்திலும் கடைய முடியாது. புதுப்பேட்டையில் ஒரு கான்டெசா உடைக்க வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால், உங்களுக்கு இன்று தேவையோ இல்லையோ விளக்கு லென்ஸ்களை எடுத்து வையுங்கள். பழைய, பெட்டி பிரிக்காத சரக்குக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மூத்த கடைகளைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் பட்டியலில் இல்லாதது மாடிக் கிடங்கில் இருக்கும். பேரிங்கையும் ஆயில் சீலையும் காரின் பெயர் சொல்லி வாங்க வேண்டாம். பேரிங் வளையத்தில் எண் இருக்கும். சீலின் உதட்டோரம் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மண்ணடிப் பக்கம் போனால் கார் எது என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள்.

காயலான் கடையில் எஞ்சினையே வாங்க நேர்ந்தால் ரசீதும், அது கழற்றப்பட்ட வண்டியின் ஆர்.சி. நகலும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் எண் மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. பதிவில் ஏற்ற வேண்டும். எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத எஞ்சினை அங்கே ஏற்றவே முடியாது.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் 1968 ஃபோர்டு மஸ்டாங் ஒன்று பல வருடங்களாக நிற்கிறது. வி8 எஞ்சின். அமெரிக்காவில் ஒரு விற்பனையாளர் ‘ஒரிஜினல் ஃபோர்டு’ சிலிண்டர் ஹெட்டும் கார்புரேட்டரும் தருவதாகச் சொல்கிறார். ஆனால் பெட்டியில் உள்ள எண்ணும் வார்ப்பில் உள்ள எண்ணும் வேறு வேறாக இருக்கின்றன. போலியா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: எண் வேறாக இருப்பதாலேயே போலி என்று தள்ளிவிடாதீர்கள். ஃபோர்டு ஒரு பாகத்துக்கு இரண்டு எண் வைத்தது. வார்ப்பில் இருப்பது பொறியியல் எண். பெட்டியிலும் விலைப்பட்டியலிலும் இருப்பது விற்பனை எண். இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் அபூர்வம்.

படிக்கும் முறை இது. முதல் எழுத்து பத்தாண்டு: சி (C) என்றால் 1960கள், டி (D) என்றால் 1970கள். அடுத்த இலக்கம் வருடம். ஆக, ‘சி8’ என்றால் 1968. மூன்றாவது எழுத்து எந்த வண்டிக்காக வரையப்பட்டது என்பது: இசட் மஸ்டாங், ஓ ஃபேர்லேன், ஏ பெரிய ஃபோர்டு கார்கள். நான்காவது எழுத்து வார்ப்பு எண்ணில் வடிவமைத்த பிரிவைக் காட்டும். இ என்றால் எஞ்சின் பிரிவு, பி (B) என்றால் பாடி பிரிவு. பெட்டி எண்ணில் அந்த இடத்தில் இசட் வரும். இதற்குப் பிறகு வருவதுதான் பாகத்தின் அடிப்படை எண்: 6015 எஞ்சின் பிளாக், 6049 சிலிண்டர் ஹெட், 9510 கார்புரேட்டர், 12127 டிஸ்ட்ரிபியூட்டர். கடைசி எழுத்து திருத்தப் பதிப்பு.

பெரும்பாலோர் ஏமாறுவது மூன்றாவது எழுத்தில். அது முதன்முதலில் எந்தக் காருக்காக வரையப்பட்டதோ அதைத்தான் சொல்லும். 289 கன அங்குல பிளாக்குகளில் ‘சி5ஏஇ’, ‘சி6ஏஇ’ என்று ‘ஏ’ வார்த்திருப்பதைப் பார்த்து, ‘இது மஸ்டாங் எஞ்சின் இல்லை’ என்று அசலையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. மஸ்டாங்கில் அப்படித்தான் வந்தது.

எண்ணைவிடத் தேதிக் குறி நம்பத் தகுந்தது. வார்ப்பில் தனியாக ஓர் இலக்கம், ஓர் எழுத்து, மீண்டும் இலக்கம் இருக்கும். ‘8 சி 14’ என்றால் 1968 மார்ச் 14. மாதங்களுக்கு ஏ முதல் எம் வரை வரும், ஐ மட்டும் கிடையாது. அதனால் செப்டம்பர் ஜே, டிசம்பர் எம். வருடத்துக்கு ஒரே இலக்கம் என்பதால் ‘8’ என்பது 1978 ஆகவும் இருக்கலாம். மேலே சொன்ன சி, டி எழுத்தோடு சேர்த்துப் படித்தால்தான் முடிவுக்கு வர முடியும். வார்ப்புத் தேதி உங்கள் கார் கட்டப்பட்ட தேதிக்குச் சில வாரங்கள், சில மாதங்கள் முன்னதாக இருக்க வேண்டும். காருக்குப் பிந்திய தேதி இருந்தால், அது அசல் ஃபோர்டு பாகமாகவே இருந்தாலும் அந்தக் காரோடு பிறந்தது அல்ல.

அதனால் முதலில் உங்கள் காரின் அடையாள எண்ணை (வி.ஐ.என்., பதிவு எண் அல்ல) எழுதி எடுங்கள். முதல் இலக்கம் 8, வருடம். அடுத்து தொழிற்சாலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹொசே, டி (T) மெட்டச்சன். அடுத்த இரண்டு இலக்கம் உடல்: 01 ஹார்ட்டாப், 02 ஃபாஸ்ட்பேக், 03 கன்வர்ட்டிபிள். அடுத்த எழுத்து எஞ்சின்: சி என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் 289, ஜே என்றால் நான்கு பேரல் 302, டி (T) என்றால் ஆறு சிலிண்டர் 200. சி எண்ணுள்ள காருக்கு நான்கு பேரல் கார்புரேட்டர் வாங்கினால் அது எவ்வளவு அசலாக இருந்தாலும் உங்கள் இன்டேக் மேனிஃபோல்டில் உட்காராது. சக்கரத்தையும் பாருங்கள். வி8 காரில் ஐந்து போல்ட், ஆறு சிலிண்டரில் நான்கு. வி8 எண் கொண்ட காரில் நான்கு போல்ட் இருந்தால், யாரோ முன்பக்க ஸ்பிண்டிலும் டிரம்மும் மாற்றியிருக்கிறார்கள். பிரேக் பாகங்களை அந்த அளவுக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய படங்கள் நான்கு: வார்ப்பு எண், தேதிக் குறி, கேஸ்கட் உட்காரும் முகம், போல்ட் துளைகள். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். பயன்படுத்திய பாகங்களை இந்தியாவுக்குத் தருவிக்கக் கட்டுப்பாடுகள் உண்டு, வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி பிரிக்காத பழைய சரக்கு ‘பயன்படுத்தாதது’ என்பதால் அந்த விவரத்தை இன்வாய்ஸில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சுங்கத்தில் பாகம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மூன்று சொல்லில் எழுதிய இன்வாய்ஸால்தான்.

கதவு ரப்பர், கார்பெட், பேட்ஜ் போன்றவற்றுக்குப் புதிதாகச் செய்த மறுதயாரிப்பே போதும். ஃபோர்டு உரிமம் பெற்றவையும் கிடைக்கின்றன. பழைய ரப்பருக்குப் பணம் கொட்ட வேண்டாம். ஏன் என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

கேள்வி: 1970களின் அம்பாசடருக்கு சீல் உடைக்காத ‘கம்பெனி பெட்டி’ மாஸ்டர் சிலிண்டர் கிட்டும் பிரேக் லைனிங்கும் கிடைத்திருக்கின்றன. அப்படியே போடலாமா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: இரண்டையும் போடக் கூடாது. நாங்கள் அசல் பாகத்துக்காக எவ்வளவு வாதாடினாலும் பிரேக் ரப்பரில் மட்டும் வாதாட மாட்டோம். பெட்டிக்குள் கிடந்தாலும் ரப்பர் முதுமை அடையும். உதடு இறுகிப்போன கப் (சிலிண்டருக்குள் பிரேக் ஆயிலைத் தள்ளும் ரப்பர்) முதல் நாள் நன்றாகப் பிடிக்கும், சூடேறிய பிறகு ஒருநாள் பெடல் தரைக்குப் போகும். இன்றைய தேதியில் செய்த கப் வாங்குங்கள். சிலிண்டரில் வார்த்திருக்கும் அளவை (5/8, 3/4, 7/8 அங்குலம்) பார்த்துப் பொருத்தம் சரி செய்யுங்கள். சிலிண்டர் உள்ளே நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் ஹோனிங் (உள்சுவரை லேசாகத் தேய்ப்பது) செய்து சமாளிக்காதீர்கள். ஸ்டீல் ஸ்லீவ் போட்டு அதே அளவுக்குக் கடைந்தால் அசல் வார்ப்பும் தங்கும், பிரேக்கும் பிடிக்கும்.

அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், டிரம்மைக் கம்ப்ரஸர் காற்றில் ஊதுவதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியில் துடைத்து, அந்தத் துணியையும் பழைய லைனிங்கையும் பையில் கட்டிப் போடுங்கள். ஷூவின் இரும்புத் தகடு அசலாக இருந்தால் அதில் புது லைனிங் ஒட்டி வாங்கலாம்.

பெட்ரோல் ஹோஸுக்கும் இதே பேச்சுதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ஹோஸையும் கார்புரேட்டர் டயஃப்ரமையும் ஊறவைத்துப் பிளக்கிறது. எத்தனால் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: காசிமேட்டில் வீடு. கான்டெசாவின் ஃப்ளோர், கதவின் அடிப்பகுதி, டிக்கி ஓரம் எல்லாம் துரு. பேனல் எங்குமே இல்லை. டிங்கரிங் கடையில் பட்டி பூசித் தருவதாகச் சொல்கிறார்கள்.
– காசிமேடு வாசகர்

பதில்: துருவின் மேல் பட்டி பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும். கடல் காற்றில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பட்டிக்கு அடியில் துரு நிற்காமல் நடக்கும்.

பேனல் கிடைக்காதபோது தகட்டில் செய்துகொள்வதே வழி. அது அசலுக்கு விரோதமல்ல. கதவுத் தோலுக்கு 20 கேஜ் (0.9 மி.மீ.), ஃப்ளோருக்கு 18 கேஜ் (1.2 மி.மீ.) சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) தகடு வாங்குங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு வேண்டாம்: வெல்டிங்கில் துத்தநாகப் புகை வரும், வெல்டும் பொத்தலாகும். துருப்பிடித்த இடத்தைத் தாண்டி, பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். வெட்டும் முன் அட்டையில் வடிவம் எடுத்து வையுங்கள், மடிப்பும் வரிகளும் உட்பட. கேஸ் வெல்டிங்கில் நீளமாக ஓட்டினால் தகடு அப்பளம்போல நெளியும். மிக் வெல்டிங்கில் 25–30 மி.மீ. இடைவெளியில் பொட்டு வைத்து, ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்முனையில் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்ட் இருந்த இடத்தில் 8 மி.மீ. துளை போட்டு நிரப்பினால் பார்வைக்கும் அசல்போல இருக்கும்.

ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும். காசிமேட்டில் ரெட் ஆக்சைடோடு ஒரு வாரம் வெளியே நிறுத்தினாலே அடியில் துரு தொடங்கிவிடும். வெல்ட் முடிந்த அன்றே இரண்டு பாக எப்பாக்ஸி பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பட்டி அதற்கு மேல், 2 மி.மீ.-க்கு மிகாமல். வேலை முடிந்த பிறகு கதவின் உள்ளேயும் சில் பாக்ஸின் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம்) உள்ளேயும் மெழுகு ஸ்ப்ரே. கதவின் கீழே உள்ள வடிகால் துளைகளைப் பெயின்டர் அடைத்துவிட்டாரா என்று தடவிப் பாருங்கள். அது அடைபட்டால் செய்த வேலை முழுதும் உள்ளிருந்து அழுகும்.

கேள்வி: அம்பாசடரின் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள கண்டென்சர் மாதத்துக்கு ஒன்று போகிறது. எல்லாமே புது ‘ஒரிஜினல்’தான்.
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: மல்டிமீட்டரில் கெபாசிட்டன்ஸ் அளந்து பாருங்கள். 0.18 முதல் 0.24 மைக்ரோஃபாரட் வரை இருக்க வேண்டும். குளிர்ந்தபோதும், ஹேர் டிரையரில் சூடேற்றிய பிறகும் அளக்க வேண்டும். போலி சரக்கு சூட்டில்தான் விழும். பாயிண்டில் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் முனைகள்) ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியும் விழுந்திருந்தால் கண்டென்சர் அளவு தப்பு என்பதற்கு அதுவே சாட்சி. பாயிண்ட் இடைவெளி 0.35–0.40 மி.மீ. வேலை செய்யும் பழைய கண்டென்சரைக் கழற்றியிருந்தால் குப்பையில் போடாதீர்கள். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் லூகாஸ் என்ற பெயரும், எண்ணுக்கு அருகே வாரமும் வருடமுமாக நான்கு இலக்கமும் குத்தியிருக்கும். ‘2366’ என்றால் 1966-ன் 23-வது வாரம். அது இருக்கும்வரை உடலை மாற்றாமல் புஷ் மட்டும் கடைந்து போடுங்கள்.

கேள்வி: 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டை விண்டேஜ் எண்ணில் பதிய ஆசை. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறேன். தடையாகுமா? கான்டெசாவையும் அப்படிப் பதிய முடியுமா?
– கொடுங்கையூர் வாசகர்

பதில்: 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகள், முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை விண்டேஜ் என்று ஏற்கின்றன. சேஸிஸ், உடல் கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உங்கள் ஆல்டர்னேட்டர் அந்த மூன்றில் வராது. ஆனாலும் கழற்றிய டைனமோவையும் ரெகுலேட்டரையும் பத்திரமாக வையுங்கள், திரும்பப் பொருத்துவது அரைநாள் வேலைதான். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, சான்று 10 வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்பல் போன்றவற்றுக்கு மட்டும்தான். வாரம் ஒருநாள் கடற்கரை வரை குடும்பத்தோடு போய் வருகிறீர்கள் என்றால் சாதாரணப் பதிவே உங்களுக்கு நல்லது. கான்டெசா 1984-ல்தான் சந்தைக்கு வந்தது. அதன் முதல் வண்டிக்கே 2034 வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: கார் பகுதியில் புல்லட் பற்றிக் கேட்கலாமா? 1970களின் 350. கிராங்க் கேஸ் போல்ட் கிடைக்கவில்லை என்று எம்6 (6 மி.மீ. மெட்ரிக் போல்ட்) போட்டார்கள். இறுக்கமாக நிற்கவே மாட்டேன் என்கிறது.
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: 1955 முதல் புல்லட் செய்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள், பதில் சொல்லாமல் விடுவோமா? பழைய புல்லட்டில் பல இடங்களில் அங்குலத்துக்கு 26 புரி கொண்ட சைக்கிள் திரெட் வரும். 1/4 அங்குலப் போல்ட்டின் விட்டம் 6.35 மி.மீ., புரி இடைவெளி 0.98 மி.மீ. எம்6-ன் புரி இடைவெளி 1 மி.மீ. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் எம்6 உள்ளே சுகமாக ஏறும். ஆனால் விட்டம் குறைவு, புரி நுனியில் மட்டும்தான் பிடிக்கும். இன்னும் இறுக்கினால் அலுமினியம் உரிந்துவிடும். உடனே கழற்றுங்கள். திரெட் கேஜ் வைத்துப் பார்த்து, 26 புரி டாப் (புரி வெட்டும் கருவி) ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். உரிந்திருந்தால் அதே 1/4 அங்குலம், 26 புரியில் உள்சுருள் (துளைக்குள் புதுப் புரி தரும் கம்பிச் சுருள்) வைத்துவிட்டு, பழைய அளவுப் போல்ட்டை லேத்தில் கடைந்து வாங்கிப் போடுங்கள். துளையைப் பெரிதாக்கி எம்8 போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அந்த இடத்தில் வார்ப்பின் சுவர் மெல்லியது.